சுவரைப் பார்த்துத் தொங்கிய சுருள்

விடுதியின் மேற்குக் கட்டடத்தில் வேலை செய்கிறவளை ஒரு நாள் கிழக்குக் கட்டடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகிவிடும்? மூன்று மாடி கூடுதலாக ஏறவேண்டும், அவ்வளவுதான். லீவு போட்ட தோழியை வாய்க்குள் திட்டிக்கொண்டே அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அறை சுத்தம் செய்வதில் ஒன்பது வருஷப் பழக்கம். கண்ணைக் கட்டிவிட்டாலும் படுக்கை விரித்துவிடுவாள்.

கடைசி அறையில் ஆள் இல்லை. நேராகக் குளியலறைக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டாய்லெட் பேப்பர் மாட்டுகிற கம்பி காலியாக இருந்தது. துணி மாட்டும் ஹேங்கர் ஒன்றை வளைத்து, நுனியை இரண்டு முறுக்கு முறுக்கி, துண்டு போடும் கம்பியில் யாரோ தொங்கவிட்டிருந்தார்கள். சுருள் அதில் இருந்தது, நுனி சுவரைப் பார்த்தபடி. பக்கத்திலேயே செய்தித்தாளை உள்ளங்கை அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கிழித்து, மூலையில் ஓட்டை போட்டு, அதே கம்பியில் கோத்திருந்தார்கள். சரக்கு வரவில்லை, அறைக்கு ஒரு சுருள்தான் என்று நிர்வாகம் சொல்லி இரண்டு நாள் ஆகிறது. அதற்குப் பயந்து இப்படி ஏற்பாடு செய்கிற மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவளுடைய புருஷன்!

விடுதியில் நுனி முன்பக்கம் தொங்கவேண்டும், அதை முக்கோணமாக மடித்தும் வைக்கவேண்டும். வீட்டிலும் அவள் அப்படித்தான் மாட்டுவாள். மறுநாள் பார்த்தால் ஹேங்கருக்குப் போயிருக்கும், சுவரைப் பார்த்துக்கொண்டு. "முன்னால தொங்கினா தண்ணி தெறிச்சு நனையும். எங்கப்பா சொன்னா சொன்னதுதான்" என்பான். எட்டு வருஷமாக இந்தச் சண்டை. மாமனாரை அவள் பார்த்ததே இல்லை. அவர் போட்ட சட்டம் மட்டும் வீட்டில் உயிரோடு இருந்தது. மூத்த மகன் அவரிடம் கோபித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அந்தப் பேச்சை எடுத்தாலே புருஷன் எழுந்து வெளியே போய்விடுவான்.

அந்தப் புருஷன் முந்தாநாள்தான் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "மூணு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவனுக்கு இங்கே என்ன வேலை?

அறைக்குள் திரும்பினாள். மேசையில் காபி குடித்த கோப்பை இரண்டு. கட்டிலில் ஒரு பெண்கள் கைப்பை, புத்தம் புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. எட்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு பர்ஸ்கூட வாங்கித் தராத மகராசன்!

"அடப்பாவி, நான் மேற்குப் பக்கம்னு தெரிஞ்சுதானே இங்க ரூம் போட்டிருக்கே" என்று வாய்விட்டே சொன்னாள். போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வேலை போனால் போகட்டும். வாழ்க்கையே போச்சு, வேலையை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது?

கதவு திறந்தது.

"வாய்யா மாப்பிள்ளை!" என்று துடைப்பத்தோடு எழுந்தவள் வந்த ஆளைப் பார்த்தாள். அதே மூக்கு. அதே நெற்றி. ஆனால் நரைத்த தாடி, வலது காலில் சின்ன நொண்டல். வந்தவர் மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்தார்.

"எதுக்கும்மா அடிக்க வர்றீங்க? ஹேங்கரை வளைச்சதுக்கா? காசு வேணா குடுத்துடறேன்."

"அது... அது யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா. எந்த ஊர்ல எந்த ரூம்ல தங்கினாலும் கை தானா செஞ்சிடுது." அவர் தன் துணிப்பையைத் தேடி எடுத்தார். "நீங்க சுத்தம் பண்ணுங்க, நான் கிளம்பறேன். பன்னண்டு மணிக்கு ரயில்."

துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

"தம்பியை. ரெண்டு நாளா பகல்ல போறேன், வீடு பூட்டியே கிடக்கு. கல்யாணம் ஆயிடுச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்குன்னு இதை வாங்கினேன்." கைப்பையைக் காட்டினார். "பூட்டைப் பார்த்ததும் ஒரு விதத்துல நிம்மதியாத்தான் இருந்துச்சு. என்னைப் பார்த்தா பேசுவானோ மாட்டானோ. ராத்திரியெல்லாம் தூங்காம காபியா குடிச்சிட்டிருந்தேன். இனிமே வரமாட்டேன்மா, தெம்பு இல்ல."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றரை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள்.

"வண்டி ஓட்டிட்டிருந்தேன். என்னடி, இத்தனை தடவை?" என்றான் புருஷன்.

"இங்க ஒரு ரூம்ல... உங்க அண்ணன் இருக்காரு."

"யாராவது ஏமாத்துறாங்க, போனை வை." குரல் உடனே கறாராகிவிட்டது.

"ஹேங்கர்ல பேப்பர் மாட்டியிருக்காருங்க. செய்தித்தாளைத் துண்டு துண்டாக் கிழிச்சுக் கோத்திருக்காரு."

லாரி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"நுனி எந்தப் பக்கம்?"

"சுவத்துப் பக்கம்."

எட்டு வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை, இப்போது கேட்டாள்.

"விடாதே. கதவைப் பூட்டு. நான் வர்ற வரைக்கும் அவனை எங்கயும் விடாதே."

அவள் வெளியே வந்து அறைக் கதவை உள்பக்கம் தாழ்போட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"உட்காருங்க மாமா. அந்தப் பை எனக்குத்தான்."