கடைமடைக்கு வந்த கடல்பசு

அம்சம் குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் மேய்ந்தது கடல்பசுதான் என்பதில் தென்னங்குறிச்சியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கார்த்திகை மாதம், சம்பா தூர் கட்டிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் விடிந்தபோது அது வயலின் நடுவே படுத்துப் பயிரை வேரோடு பிடுங்கி மென்றுகொண்டிருந்தது. எருமையைவிடப் பெரிய உடம்பு, கால் கிடையாது, மீசை உண்டு. அதிராம்பட்டினம் கடலிலிருந்து வாய்க்கால் வழியாக எதிர்நீச்சல் போட்டு வந்திருந்தது. வழியில் மூடியிருந்த மதகுகளை அது எப்படிக் கடந்தது என்று மதகு பார்த்துக்கொள்ளும் வாய்க்கால் லஸ்கர் துரைராசுவைக் கேட்டார்கள். "வந்து நின்னுச்சு, தெறந்துவிட்டேன். வாயில்லா சீவன் வந்து நின்னா வேற என்ன செய்யிறது?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

அம்சத்துக்குத்தான் வயிறு எரிந்தது. அந்த வயல் கடைமடை. மேலே இருக்கிறவர்கள் எல்லாம் பாய்ச்சிய பிறகு மிச்சம் இருந்தால்தான் அங்கே தண்ணீர் வரும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். அவள் வருஷக்கணக்கில் நடையாய் நடந்து அதைக் குத்தகைக்கு வாங்கியிருந்தாள். இது முதல் போகம். இந்தப் போகத்தில் குத்தகை நெல் அளக்க முடியாமல் போனால் நிலம் வேறு கைக்குப் போய்விடும், பிறகு அவள் வீட்டை நம்பி ஊரில் யாரும் நிலம் தரமாட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மாட்டை வாய்க்காலில் இறக்கி ஓட்டிக்கொண்டு போய்ப் பவுண்டில் அடைத்தாள்.

பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைப்பதும், மாட்டுக்காரன் வந்து நஷ்டத்துக்குப் பதில் சொல்லி ஓட்டிப்போவதும் ஊர் வழக்கம். பவுண்டில் மாடு அடைத்து ரொம்ப நாளாகிவிட்டது. நாலு சுவருக்குள் எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தது. கடல்பசு உள்ளே போனதும் சுவர் விளிம்புவரை தண்ணீர் நின்றது. உப்புத் தண்ணீர். கம்பிக் கதவுக்குள் கையை விட்டால் கை நனைந்தது, ஆனால் ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. பிள்ளைகள் கையை விட்டு விட்டு நக்கிப் பார்த்தார்கள். ஆட்டோவில் மைக் கட்டி, மாட்டுக்குச் சொந்தக்காரர் வரவேண்டும் என்று கடற்கரை வரைக்கும் அறிவித்தார்கள்.

அதைக் கேட்டு வந்தவர் சேக் தாவூது. அதிராம்பட்டினத்துக்காரர், முன்பு மீன் பிடித்தவர், இப்போது குணசேகரனின் உல்லாசப் படகை ஓட்டுகிறவர். இந்தக் குணசேகரன்தான் அம்சத்துக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர். புருனேயில் சம்பாதித்துத் திரும்பியதும் மற்றவர்கள் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். அவர் வெள்ளைப் பாய் கட்டிய படகு வாங்கினார். சனி ஞாயிறுகளில் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் குடும்பங்கள் வந்து ஏறின. கேக் வெட்டினார்கள், பாட்டுப் போட்டார்கள், தட்டுகளைக் கடலில் வீசினார்கள். காற்று இல்லாதபோது டீசல் எஞ்சின் ஓடியது. கக்கூஸ் தொட்டியும் கடலில்தான் திறக்கப்பட்டது. இதெல்லாம் உல்லாசப் படகு வைத்திருக்கிற பலரும் செய்வது. குணசேகரன் மட்டும் செய்த காரியம் ஒன்று உண்டு. அங்கே கடல் ஆழம் குறைவு, அடியில் வயல் வயலாகக் கடற்புல். அது எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது, நங்கூரத்தைத் தூக்கினால் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து வந்தது. பரம்பரையாக நெல் வைக்கிற குடும்பம். தண்ணீரில் நெல் அல்லாத புல் நின்றால் அவருக்கு அதற்கு ஒரே பெயர்தான். களை என்றார். டிராக்டர் கலப்பையைச் சங்கிலியில் கட்டிப் படகின் பின்னால் இழுத்துக் கடலை உழுதார். கரையில் ஒதுங்கிய பச்சையைத் தென்னைக்கு எருவாகும் என்று லாரியிலும் ஏற்றினார். "மொதலாளி, அது ஆவுளியா மேயிற எடம்" என்று சேக் தாவூது ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஆவுளியா என்பது கடல்பசுவுக்குக் கரையில் வழங்குகிற பெயர். சம்பளம் ஒழுங்காக வந்ததால் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

பவுண்டில் மாட்டின் முதுகைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். விசிறி வெட்டிய தழும்பு வரிசையாக இருந்தது. "நம்ம படகு வெட்டுனதுதாங்க. இதுக்குச் சொந்தக்காரன்னு யாரும் கெடையாது. மேயிற தரைய மொதலாளி உழுதுட்டாரு, பசிக்கு வந்திருக்கு" என்றார்.

பவுண்டைச் சுற்றி நின்ற கூட்டம், தன் நடுவே நின்ற குணசேகரனைப் பார்த்தது. மேய்ச்சல் தரையை எவன் உழுதானோ அவன் நிலத்தில் அந்த மாடு மேயலாம், யாரும் கேட்கக்கூடாது என்பதும் தென்னங்குறிச்சி வழக்கம்தான். அவருடைய அப்பா சிங்காரவேலுவே அதைச் சொல்லி ஒரு தகராறைத் தீர்த்திருக்கிறார். குணசேகரன் மறுக்கவில்லை, சிரித்தார். "எந்நெலத்துலதான மேஞ்சிருக்கு? சரியாப் போச்சு, அவுத்துவிடுங்க."

அம்சம் எழுந்தாள். "நெலம் உங்களுதுங்க. பயிரு என்னுது. அது உங்க நெலத்துல மேயணும்னா நான் எங்க போயிப் பயிரு வைக்கிறது?"

கூட்டம் உட்கார்ந்து பேசியது. கடைசியில், மாடு கடைமடையில் மேய்வது, அது கடலுக்குத் திரும்பும்வரை குணசேகரன் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த, முதல் தண்ணீர் பாயும் தலைமடை வயலை, நிற்கிற பயிரோடு அம்சத்திடம் விடுவது என்று முடிவானது. தை மாதம் அவள் குத்தகை நெல்லை அளந்து போட்டாள். தண்ணீருக்காகக் காத்திருக்காமல் விவசாயம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள். சந்தோஷமாக இருந்தாள்.

தலைமடையை மீட்பது குணசேகரனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. மாடு போனால்தான் வயல் வரும். புல் வந்தால்தான் மாடு போகும். படகைக் கரையேற்றினார். புல்லில் நங்கூரம் போடாதீர்கள், தொட்டியைக் கடலில் திறக்காதீர்கள் என்று மற்ற படகுக்காரர்களிடம் போய்ச் சண்டை பிடித்தார். கடல்மேல் வந்த அக்கறை என்று யாரும் நினைக்கவில்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒதுங்கிய புல்லில் வேர் உயிரோடு இருந்ததைப் பொறுக்கி, நாற்றுக் கட்டுபோல முடி கட்டி, ஊரிலிருந்து நடவு ஆட்களை வேனில் கூட்டிப்போய் இடுப்பளவுக் கடலில் நடவைத்தார். அம்சமும் போனாள். நடுகிற ஒவ்வொரு முடியும் தன்னைத் தலைமடையிலிருந்து இறக்கும் என்று தெரிந்தேதான் நட்டாள். உனக்கென்னடி பைத்தியமா என்று கேட்டவர்களிடம், "அது மெல்லுற சத்தத்தப் பக்கத்துல நின்னு கேட்டுப் பாருங்க. அவ்ளோ பசி" என்றாள்.

சில வருஷங்களில் புல் பிடித்துவிட்டது. ஒரு மாசி மாதம் கடல்பசு வாய்க்காலில் இறங்கிப் போனது. மறுநாளே குணசேகரன் வந்து வயலைக் கேட்டார். அம்சம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைமடைக்கு இறங்கினாள், வழியெல்லாம் மூக்கைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

அந்த வருஷம் சம்பாவுக்கு அவள் ஒரு மூட்டை உரம்கூடப் போடவில்லை. கடல்பசு படுத்துச் சாணி போட்ட மண்ணில் நெல் அவள் தலைக்குமேல் நின்றது, மார்கழி மழையிலும் சாயவில்லை. மேலே பாய்ச்சுகிறவர்களைக் கேட்காமலே தண்ணீரும் கடைமடையில் வந்து நின்றது. கையில் எடுத்து நக்கினால் நல்ல தண்ணீர்தான்.

இப்போது பங்குனியில், அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட ராமநாதபுரத்து ஆடுகள் வரும்போது கடல்பசுவும் வருகிறது. வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அது தன் தண்ணீரைத் தானே கொண்டு வருகிறது. துரைராசு மதகைத் திறந்துவிடுகிறார். இந்த வருஷம் கன்றோடு வந்தது. குணசேகரன் தலைமடை வரப்பில் நின்று "பா, பா" என்று கூப்பிட்டுப் பார்த்தார், சேக் தாவூதையும் கூப்பிடச் சொன்னார். அது திரும்பவில்லை. கீழே அம்சம் வரப்பை வெட்டி வழி விட்டாள். கன்றுக்குப் போதாது என்று பட்டதால் இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினாள்.