கெலிசா வீட்டுச் சாவு

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டுக் கலாவதி வாய்விட்டு அழ ஆரம்பித்தபோது, அண்ணன் அழகேசன் குனிந்து அவள் காதில் சொன்னான்.

"மெதுவா அழு கலா. மீனு மிரளுது."

மீன் கூடத்தில் இருந்தது. அப்பா உடையப்பன், கார் நிறுத்தும் இடத்தில் பெஞ்சின்மேல் கிடந்தார். கெலிசா என்கிற அந்த ராசி மீனுக்கு எதிரே பிணத்தைக் கிடத்த அழகேசனுக்கு மனம் வரவில்லை. கை நீளத்துக்குச் செதில் மின்ன, தோட்டத்துரை ரவுண்டு வருவதுபோல, அது கண்ணாடித் தொட்டிக்குள் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்தது. அது வந்த பிறகுதான் அவன் தலைமைக் கிளார்க் ஆனான். அது வந்த பிறகுதான் அப்பாவின் கட்டில் குசினிப் பக்கம் போனது. முதலாவதை மட்டும் எல்லோரிடமும் சொல்வான்.

வாசலில் அசாம் ஜாவா ஊர்ச் சன்னாசியும் ஆட்களும் காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அழகேசன் ஓடினான்.

"தப்பெல்லாம் வேணாம் மாமா. சத்தம் கேட்டா மீனு துள்ளிரும். தேவாரம் கேசட் போட்டிருக்கேன்லா, டீசன்டா இருக்கும்."

"தோட்டத்து லயத்துல விழுந்த பொணத்தையெல்லாம் தப்படிச்சு அனுப்புனவரு ஒங்கப்பா. அவர ஊமையா அனுப்பச் சொல்றியா?"

"காலம் மாறிருச்சு மாமா."

"சாவு மாறலியேப்பா."

அம்மா நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டு பிணத்தின் பக்கம் போய் உட்கார்ந்தாள். மகன் வீட்டில் சாப்பிடுகிறவள்.

பிணம் போன பிறகு வீட்டுக்குத் தெளிக்க வேண்டிய மஞ்சள் தண்ணீரை, மீனுக்கு மட்டும் அழகேசன் முன்கூட்டியே தெளித்தான். தீட்டு பட்டுவிடக்கூடாது. தொட்டி மூடியைப் பழையபடி இழுப்பதற்குள் வாசலில் ஆபீஸ் மேனேஜரின் கார் வந்து நின்றது. நாற்காலி போட ஓடினான்.

அப்பாவை லோரியில் ஏற்றினார்கள். ஈர வேட்டியோடு அழகேசன் நெருப்புச் சட்டியைப் பிடித்து முன்னால் நின்றான். உள்ளே கேசட் முணுமுணுத்தது. கலாவதி சன்னாசியிடம் போனாள்.

"அடிங்க மாமா. நான் சொல்றேன்."

முதல் அடியிலேயே அவளுக்குத் தொண்டை திறந்துகொண்டது. தெருவே கேட்க அழுதாள். அப்போதுதான் கூடத்திலிருந்து, சிமெண்டுத் தரையில் ஈரமூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம். மறுபடியும். மறுபடியும்.

அழகேசன் சட்டியை ரோட்டில் வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தான். தப்பு நின்றது. லோரி டிரைவர் இன்ஜினை அணைத்தான்.

கலாவதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அண்ணன் இரண்டு கைகளையும் தொட்டிக்குள் விட்டு, மீனை நிமிர்த்திப் பிடித்து, முன்னும் பின்னுமாகத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தான். கை தளர்ந்தால் அது பக்கவாட்டில் சாய்ந்தது. நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தித் தோள் குலுங்க அழுதான். அன்றைக்கு அவன் அழுதது அப்போதுதான்.

"பாருங்க, அப்பா மேல எவ்ளோ பாசம்," என்று, வாசலிலிருந்து அவன் குலுங்கும் முதுகை மட்டும் பார்த்த மேனேஜர் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

ரோட்டில் சட்டியின் தணல் சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது. கலாவதி குந்தி உட்கார்ந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு ஊத ஆரம்பித்தாள்.