நடராஜ் சேர்த்து வைத்த அடைசல்

சுகிர்தாவுக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும். பாளையங்கோட்டைக் கல்லூரி லேபில் லினக்ஸ் ஓடிய ஒரே சர்வரில், கூட வேலை பார்க்கும் நடராஜ் இலவச மென்பொருள்களைக் கண்ட கண்ட டைரக்டரியில் போட்டு வைத்திருந்தார். சொன்னாலும் கேட்பதில்லை என்று நேற்றுதான் பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்தாள். இன்று காலை தானே ஒதுங்க வைக்க உட்கார்ந்தாள். பத்து மணிக்கு அதே சர்வரில் பல்கலைக்கழகப் பிராக்டிகல் என்று தெரிந்தும் உட்கார்ந்தாளே, அதை என்னவென்று சொல்ல!

மென்பொருள்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் லைப்ரரிக் கோப்புகள் இரண்டு இடத்தில் கிடப்பது பொறுக்காமல், ஒன்பதரைக்கு எல்லாவற்றையும் ஒரே டைரக்டரிக்கு நகர்த்தினாள். அதன்பிறகு ஒரு கட்டளையும் ஓடவில்லை. அத்தனையும் அந்த லைப்ரரிகளை நம்பித்தான் ஓடும் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்ப நகர்த்தலாமென்றால், நகர்த்தும் கட்டளையும் செத்துக் கிடந்தது. வெளியே முப்பத்திரண்டு பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு நின்றார்கள். இன்று தவறினால் இன்னும் ஆறு மாதம்.

அட்டெண்டர் பிச்சைக்கண்ணு எட்டிப் பார்த்தார். "நின்னுட்டுதா மேடம்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருவோம்" என்று சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"அண்ணாச்சி, கைய எடும்!" வாசலிலிருந்தே கத்தினார் நடராஜ். "அணைச்சா திரும்ப எந்திரிக்காது."

திரையைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"லாக் அவுட் பண்ணிராதீங்க மேடம். எக்ஸாமினர் ஜங்ஷன்ல இறங்கிட்டாராம். என் டைரக்டரியில பழசுன்னு ஒண்ணு கிடக்கும்லா, அத அழிச்சிட்டீங்களா?"

அழிக்க வேண்டிய பட்டியலில் அதுதான் அடுத்தது. "இன்னும் இல்ல சார்" என்றாள்.

"அங்கன நகர்த்துத கட்டளை ஒண்ணு தனியா கட்டி வச்சிருக்கேன். வேண்டியதெல்லாம் அதுக்குள்ளயே இருக்கு, எந்த லைப்ரரியும் கேக்காது. முழுப் பாதையையும் அடிங்க. பைய."

லைப்ரரிகளைப் பழைய இடத்துக்கே நகர்த்தச் சொல்லி, இரண்டு முறை தப்பாக அடித்து, அழித்து, மூன்றாவது முறை என்டரைத் தட்டினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. பயந்துகொண்டே டைரக்டரிப் பட்டியலைக் கேட்டாள். முழுசாக வந்தது; கட்டளைகள் திரும்ப ஓடின. சுகிர்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தபோது, பிச்சைக்கண்ணு நடராஜிடம் ஒரு மெமோவை நீட்டினார். "பிரின்சிபால் தந்தாவ சார். சர்வர்ல கண்டதையும் போட்டு வச்சதுக்கு விளக்கம் எழுதணுமாம்."

புகார் கொடுத்தவர் பெயர் அதிலேயே இருந்தது. நடராஜ் வாசித்தார். சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"விளக்கம் நான் எழுதுதேன் சார்" என்று மெமோவை வாங்கிக்கொண்டாள். காலை ஒன்பதரைக்குத் தான் செய்த காரியத்தையே முதல் வரியாக எழுதினாள்.