தொண்டையம்மாவின் ஒப்புத் தட்டு

யாரைக் கண்டாலும், வணக்கம் சொல்வதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்வது அந்த மருத்துவரின் வழக்கம். அதுவும் சும்மா சொல்லமாட்டார். எதிரே குனிந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, முதலில் தாமே "ஆ" என்று அகலத் திறந்து காட்டுவார். ஒருவர் கொட்டாவி விட்டால் அடுத்தவருக்கும் வருமல்லவா, அதுபோல எதிரில் நிற்பவரும் தம்மையறியாமல் திறந்துவிடுவார். தபால்காரரும் தப்பியதில்லை, துக்கம் விசாரிக்க வந்தவர்களும் தப்பியதில்லை. அவருடைய நாத்தனார் திருமணத்தில், மணமேடையில் மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி நிற்கும் புகைப்படம் ஒன்று இன்றும் உண்டு. ஊர் அவருக்குத் தொண்டையம்மா என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

இந்தப் பித்துக்குக் காரணம் இருந்தது. தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளின் மூச்சைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. நோயாளியிடமிருந்துதான் நோய் பரவும் என்று உடன் வேலை பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் நம்பினர். ஒரு குறையுமின்றி ஓடியாடித் திரிபவரும் தொண்டையில் கிருமியைச் சுமந்து பிறருக்குக் கொடுக்கலாம் என்று அவர் ஒருவரே சொன்னார். மருத்துவமனைத் தலைவரான பெரிய டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லா சாப்பிட்டு நல்லா தூங்குறவன் நோயாளின்னா, முதல் நோயாளி நான்தாம்மா. அப்படி ஒரே ஒரு ஆளைப் புடிச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்."

பிடித்துக் காட்டும் வாய்ப்பு விரைவிலேயே வந்தது. எலும்பு முறிவுக்காக வந்து படுத்திருந்த பிள்ளைகளுக்கு, வார்டிலேயே தொண்டை அடைக்கத் தொடங்கியது. தொண்டையம்மா மருத்துவமனையில் வேலை செய்த அனைவரின் தொண்டையையும் பஞ்சுக் குச்சியால் தடவி, ஆளுக்கொரு கண்ணாடித் தட்டில் இட்டு, வெப்பப் பெட்டியில் வைத்தார். கிருமி இருந்தால் தட்டில் முளைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, ஐயத்துக்கே இடமில்லாத ஒரு தொண்டையின் தட்டும் வேண்டும். அந்த ஒப்புத் தட்டுக்கு அவர் தம்முடைய தொண்டையையே தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் மற்றவர்களின் தட்டுகளெல்லாம் துடைத்த கண்ணாடிபோல் இருந்தன. ஒப்புத் தட்டில் மட்டும் கிருமி மண்டிக் கிடந்தது.

"தட்டு கெட்டுப்போச்சு," என்று சொல்லி அதைக் குப்பையில் போட்டார்.

குளத்தைக் கலக்குவது யாரென்று கண்டுபிடிக்க எருமை ஒன்று குளத்துக்குள் இறங்கித் தேடியதாம். தேடத் தேடக் கலங்கியது. 'திருடன் பக்கத்தில்தான் இருக்கிறான்' என்று அது இன்னும் ஆழத்துக்குப் போயிற்று. நம் மருத்துவரும் அவ்வாறே சமையற்கட்டுக்குப் போனார்.

அங்கே ஆட்சி செய்தவர் அகப்பை அக்கா. கணவரை இழந்தவர், சமையற்கட்டின் பின்புறத்துச் சிற்றறையே அவருடைய வீடு.

"அக்கா, ருசி பாத்த அகப்பையைத் திரும்ப பாத்திரத்துல விடுறீங்களா?"

"ருசி பாக்காம எறக்கினா, நோயே தேவலன்னு எல்லாரும் எழுந்து ஓடிருவாங்க, டாக்டரம்மா."

"கிருமி உங்ககிட்டதான் இருக்கணும்."

"என் தட்டு சுத்தம்னு நீங்கதான சொன்னீங்க?"

"தட்டு சில சமயம் ஏமாத்தும். நீங்க வேலையை விட்டுப் போகணும்."

"அப்ப தட்டை வெளிய அனுப்புங்க. என்னை ஏன் அனுப்புறீங்க?"

ஆயினும் அக்காவைத்தான் அனுப்பினார்கள். வேலையும் அறையும் ஒன்றாகப் போயின. தம்பி வீட்டில் ஒதுங்கினார். தம்பி மனைவி அவருக்குத் தனி டம்ளர் வைத்தாள். வேறு வேலை கேட்டுப் போன வீடுகளில், அவர் தெருமுனையில் வரும்போதே கதவுகள் சாத்தப்பட்டன. நோய் பரப்பும் கையால் யார் உண்பார்கள்?

ஆனால் அக்கா போன பின்னும் நோய் போகவில்லை. கையொடிந்து வந்த சிறுமி ஒருத்திக்குத் தொண்டை அடைத்தது. ஊசி மருந்து உரிய நேரத்தில் கிடைத்ததால் பிழைத்தாள். தொண்டையம்மா மீண்டும் எல்லாரையும் சோதித்தார். மீண்டும் எல்லாம் சுத்தம். மீண்டும் ஒப்புத் தட்டு மட்டும் கெட்டிருந்தது. அதைக் குப்பைக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. கெட்டுப்போவதற்குத் தட்டுகள் ஏன் அவருடைய தொண்டையையே தேடி வருகின்றன? இன்னொரு முறை தம் தொண்டையைத் தடவி வைத்தார். அதுவும் மண்டியது. ஒவ்வொரு கட்டிலிலும் குனிந்து, பிள்ளைகளின் முகத்துக்கு நேரே "ஆ" காட்டியவர் அவரல்லவா!

மாலையில் அழைத்துப்போக வந்த அவர் கணவர், மனைவி வாயில் துணி கட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

"என்னம்மா இது?"

"ஆளைப் புடிச்சுட்டேன்."

"யாரு?"

அவர் தம்மையே சுட்டிக் காட்டினார். கணவர் ஓரடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க. நேத்து உங்க தொண்டையையும் தடவினேனே, அந்தத் தட்டையும் பாத்துட்டேன். சுத்தம்."

"என் குறட்டைக்குப் பயந்து முதுகைக் காட்டியே தூங்குவியே, அது என்னைக் காப்பாத்திருக்கு."

உண்மையைச் சொன்னால், அவர் மனத்தில் முதலில் எழுந்தது வெட்கமல்ல, மகிழ்ச்சி. அவர் கொள்கை வென்றுவிட்டது. அந்த மகிழ்ச்சி அறையின் கதவைத் தாண்டுவதற்குள், அகப்பை அக்காவின் முகம் வந்து வழி மறித்தது.

தட்டைப் பார்த்த பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கொள்கையை ஒத்துக்கிறேம்மா. ஆனா ஆள் நீங்கன்னு வெளிய வேண்டாம், ஆஸ்பத்திரி மானம் போயிரும். அந்தச் சமையல்காரம்மாவை ஏதாவது சொல்லி சத்தமில்லாம திரும்ப எடுத்துக்கலாம்."

"அனுப்பும்போது சத்தம் போட்டுத்தானே சார் அனுப்பினோம்?"

மறுநாள் காலை தொண்டையம்மா அக்காவின் தம்பி வீட்டுத் தெருவுக்குப் போனார். எவரையும் நெருங்காமல், துணி கட்டிய வாயோடு நடுத்தெருவில் நின்று கூப்பிட்டார். அக்கா வாசலுக்கு வந்து கைகட்டி நின்றார்.

"அக்கா, கிருமி உங்ககிட்ட இல்ல. என்கிட்டதான் இருக்கு. தப்பு என்னோடது. மன்னிச்சுருங்க. அடுப்பும் அறையும் உங்களுக்காகக் காத்திருக்கு. கிருமி போற வரைக்கும் நான் தனியறையில அடைஞ்சு கிடக்கப் போறேன்."

அக்கா தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்குக் கேட்டுருச்சு, டாக்டரம்மா. ஆனா என்கிட்ட இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரியாதவங்க அந்தக் கதவுகளுக்குப் பின்னாடி இருக்காங்க."

தொண்டையம்மா சாத்தியிருந்த கதவுகளின் பக்கம் திரும்பி, துணிக்குள்ளிருந்து அதையே உரக்கச் சொன்னார். ஒரு கதவு திறந்தது. பின் ஒரு ஜன்னல்.

"மாடி வீட்டம்மாவுக்குக் காது மந்தம்," என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல். "ஊருக்கெல்லாம் என்னைப் பத்திச் சொன்னது அவங்கதான்."

மருத்துவர் தலையை அண்ணாந்து, மாடி ஜன்னலைப் பார்த்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.