எழுதியவர் பெயர்

வெந்நீரில் துணியை நனைத்து மூத்தவள் அப்பாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தளக்காரர் போனில் கூப்பிட்டார். ஆறு வருடங்களாக அந்த ஆளுடைய உடல்நல இணையத் தளத்துக்குத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். குழந்தையின் இருமல், முழங்கால் வலி, தூக்கமின்மை என்று நானூறு கட்டுரைகளுக்கு மேல் ஆகியிருக்கும். எத்தனை பேர் படிக்கிறார்களோ அதற்கேற்ற கூலி. வீட்டு வாடகையும் அப்பாவின் மருந்தும் அதில்தான் ஓடின.

"மேடம், பாத்தீங்களா? தேடுபொறிக்காரன் என்னத்தையோ மாத்திட்டான். முதல் பக்கத்துல நம்மது ஒண்ணுகூட இல்ல. அஞ்சாம் பக்கத்துக்கு எவன் வருவான்?"

பார்த்திருந்தாள். மூன்று நாட்களாக வேறெதையும் பார்க்கவில்லை.

"இனிமே வைத்தியத்தைப் பத்தி டாக்டர் எழுதினாத்தான் மேல காட்டுவானாம். நீங்க படிச்சது வரலாறு. உங்க தங்கச்சி டாக்டர்தானே? பேரும் போட்டோவும் குடுத்தாப் போதும்."

இளையவள் தோல் மருத்துவர். அவளுடைய கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு, சொறிந்துகொண்டிருந்தவர்களோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. தங்கை போனில் இரண்டு கட்டுரைகளைப் படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. யார்கிட்ட கேட்டு எழுதுன?"

"நானேதான்."

தங்கை சிரித்தாள். "சரி, போட்டுக்கச் சொல்லு. ஆனா சும்மா குடுத்தா என் பேருக்கு மதிப்பிருக்காதுக்கா. ஒரு தொகை பேசச் சொல்லு."

தளக்காரர் பேசினார். மூத்தவளின் கூலியில் பாதியை வெட்டி இளையவளுக்கு அனுப்பினார். கேட்டதற்கு, "உங்க வீட்டுக்குள்ளதானே மேடம் போகுது" என்றார்.

ஐந்து வாரத்தில் கட்டுரைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஒவ்வொன்றிலும் அவள் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட தங்கை புன்னகைத்தாள். எல்லாவற்றையும்விட அதிகம் பேர் படித்தது படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது பற்றிய கட்டுரை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை மூன்று வருடம் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் புரட்டிக் கற்றதை வைத்து அவள் எழுதியது. 'என் தந்தை படுக்கையில் விழுந்த முதல் மாதம் எனக்கு எதுவுமே தெரியாது' என்று அது தொடங்கும். தங்கை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவாள். கட்டிலில் உட்காராமல், மூக்கைச் சுருக்காமல் இருக்கப் பாடுபட்டு, நாடி பார்த்துவிட்டுப் போவாள்.

கட்டுரையைப் படித்துவிட்டுச் சித்தி போன் செய்து அழுதாள். "டாக்டரா இருந்துக்கிட்டு அப்பாவை எப்படித் தாங்கியிருக்கா பாரேன். நீயும்தான் கூடவே இருக்க."

அடுத்த மாதம் தளக்காரர் மறுபடி கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க மேடம். ஜனங்க டாக்டர் மூஞ்சியைத்தான் பாக்குறாங்க. எழுத்தை மிஷினே எழுதிடுது, இனிமே நீங்க எழுத வேண்டாம். தங்கச்சி மேடத்துக்கும் சம்மதம்."

தங்கையிடம் கேட்டாள்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குக்கா. ஆனா நான் விலகிட்டா மட்டும் அவன் உனக்கு வேலை குடுத்துடுவானா?"

அது உண்மை. அதனால்தான் நெஞ்சு எரிந்தது. "அப்பாவைப் பத்தினதை மட்டுமாவது எடுத்துடச் சொல்லு."

"அதுக்குத்தான்க்கா கூட்டமே வருது."

மறுநாள் காலை, சித்தி சொல்லி விஷயம் தெரிந்த அப்பா, சின்னவள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். சின்ன மகளைப் படிக்கவைக்க, பெரியவளின் மேற்படிப்பை நிறுத்தியவர். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் படித்தாள். தன்னுடைய வாக்கியங்கள் தன் வாயிலிருந்தே வேறு யாருடையவையோ போல வந்தன. தலையணையைக் கெண்டைக்காலுக்குக் கீழே வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படக்கூடாது. தொடுவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். படுத்துவிட்டாலும் உடம்பு அவருடையது.

அப்பாவின் கண் கலங்கியது. கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார். "என்னமா எழுதியிருக்கா. படிச்சவ படிச்சவதான்."

"அது நான் எழுதினதுப்பா."

அவர் அவளையே பார்த்தார். கொஞ்ச நேரம் யோசிப்பது போலிருந்தது. அவளுக்கு ஒரு கணம் நம்பிக்கைகூட வந்தது.

"வயித்தெரிச்சல் படாதம்மா," என்றார் கனிவாக. "கூடப் பொறந்தவ. அவ நல்லா இருந்தா உனக்கும்தானே?"

மணி பத்தாகியிருந்தது. புரட்ட வேண்டிய நேரம். மூன்று வருடத்தில் ஒரு முறைகூட அவள், "அப்பா, இப்ப இடப்பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லாமல் அவர்மேல் கை வைத்ததில்லை. போனை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். ஒரு கையைத் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் செருகினாள். ஒன்றும் சொல்லாமல் புரட்டினாள்.

அப்பாவின் முகம் சுவரோடு ஒட்டி நின்றது. "ஏ... ஏம்மா..." என்றார் சுவரிடம். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவருடைய நல்ல கை முதுகுக்குப் பின்னால் நீண்டு, எதையாவது பிடித்துக்கொள்ள, வெறுங்காற்றில் துழாவிக்கொண்டிருந்தது.