லியம் பூன் கியாட்டின் கல்வெட்டு

நவரத்தினத்தார் எழுதிய கல்வெட்டைச் செத்தவரே எழும்பி வந்து வாசித்தாலும், "ஆரப்பா இந்த மனுஷன்?" என்றுதான் கேட்பார் என்று டென்மார்க்கின் பிராண்டே ஊர்த் தமிழர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தப் பகிடி அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் வீட்டில் படையலும் சாப்பாடும் நடக்கும். வந்தவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். செத்தவரின் படம், பிறந்த ஊர், பிள்ளைகள் மருமக்களின் பெயர், திதி வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாட்டுகள். அதுதான் கல்வெட்டு. கடல் கடந்து வந்தும் நம்மவர்கள் இதை விடவில்லை. காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் உழைத்து இளைப்பாறிய நவரத்தினத்தாருக்கு இது இரண்டாவது உத்தியோகம். அவர் கையில் அகப்பட்டால், மனைவியோடு வருஷக்கணக்காய் முகங்கொடுத்துக் கதைக்காதவரும் இல்லறத்தின் இலக்கணமாகிவிடுவார். எச்சில் கையால் காகம் துரத்தாதவர் கொடைவள்ளலாகிவிடுவார். கேட்டால், "செத்த வீட்டில குறை கதைக்கிறதோ?" என்பார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் அவருடைய சம்பந்தி அம்மா தன் தகப்பனைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

சம்பந்தி அம்மா தமிழரல்ல. நவரத்தினத்தாரின் மகள் சாருஜா கட்டிய எரிக்கின் தாய். பெயர் நியோ. ஜாவாத் தீவில் செமாராங் நகரத்தில் பிறந்த சீனப் பெண். தாதி வேலை படிக்க ஒல்லாந்துக்கு வந்து, ஒரு டேனிஷ்காரரைக் கட்டி, ஒடென்சேயில் நிலைத்துவிட்டார். வயது எண்பத்தைந்து. ஈரலில் புற்றுநோய். இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டொக்டர்கள் கைவிரித்த பிறகு, அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாருஜாவோடு பார்க்கப் போனபோது, நியோ அம்மாவின் கட்டிலருகே மனோரஞ்சிதத்தின் கல்வெட்டு இருந்தது. போன வருஷம் காலமான தன் மனைவிக்காக நவரத்தினத்தார் கண்ணீரோடு எழுதியது. ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத மனுஷி அதைப் பத்திரமாய் வைத்திருந்ததைக் கண்டதும் அவர் அதை எடுத்து அட்டையைத் தடவினார்.

"என் அப்பாவுக்கும் இப்படி ஒன்று எழுதித் தருவீர்களா?" என்று நியோ அம்மா டேனிஷில் கேட்டார். "அவர் செத்தபோது ஒருவரும் வரவில்லை. நான் போவதற்கு முன்னம் ஒருமுறை கேட்க வேண்டும்."

"எழுதுறன். கட்டாயம் எழுதுறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் நவரத்தினத்தார். சாருஜா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்று பின்னேரம் முழுக்க நியோ அம்மா கதை சொன்னார். தகப்பன் லியம் பூன் கியாட், ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் செமாராங்கில் பத்திரிகை ஆசிரியர். பிறப்பால் சீனர், ஆனால் சீன எழுத்து ஒன்றும் தெரியாது. பேச்சும் எழுத்தும் மலாய்தான். கரும்பு ஆலைகளில் கூலிகளை வெள்ளைக்காரர் எப்படி வதைக்கிறார்கள் என்று எழுதினார். பிடித்துச் சிறையில் போட்டார்கள். அங்கே இரத்தமாய் இருமத் தொடங்கினார். வெளியே மனைவியும் நாலு பிள்ளைகளும் பட்டினி. கடைசியில், இனி அரசாங்கத்தைப் பற்றி எழுதமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தார். அதன்பிறகு பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதினார். வாள் எடுத்துச் சண்டை போடும் ஒரு விதவையின் கதை. சந்தையில் மீன் விற்கும் பெண்கள் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில், எழுதிக்கொண்டிருந்த மேசையிலேயே தலை சாய்ந்துவிட்டது. பழைய கூட்டாளிகள் எல்லாரும் அப்போது பெரிய மனிதர்கள். ஒருவர்கூடச் சவ ஊர்வலத்துக்கு வரவில்லை.

"எங்கட யாழ்ப்பாணக் கோட்டையிலயும் குந்தியிருந்தவங்கள்தானே இந்த ஒல்லாந்தர்" என்று நவரத்தினத்தார் கொதித்தார். கடற்பாலத்தைத் தாண்டிப் பிராண்டேக்குக் கார் ஓட்டி வரும்போதே பாட்டு வரத் தொடங்கிவிட்டது.

கையெழுத்து விஷயத்தை விடுவதா வேண்டாமா என்று அவர் யோசிக்கவே இல்லை. கல்வெட்டில் அது வராது, அவ்வளவுதான். சீனருக்குச் சீனம் தெரியாது என்று எழுதுவது மரியாதையில்லை. அதனால் "தாய்மொழியாம் சீனத்தில் தணலெனவே எழுதி" என்று ஆக்கினார். மீன்காரிகளின் தொடர்கதை அடிபட்டே போயிற்று. ஜாவாவுக்குத் தமிழில் பழைய பெயரான சாவகத்தைப் பிடித்துக்கொண்டு, தான் பிறந்த சாவகச்சேரியையும் முதல் அடியில் நுழைத்துவிட்டார். முத்தாய்ப்பாக ஒரு மகள் புலம்பல்:

"சிங்கமே சீனத்துத் தங்கமே சிறையினிலும்
பங்கமே இல்லாமல் பணியாத என் தந்தாய்"

மனுஷனுக்கே கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் இராகம் போட்டு வாசிக்க, சாருஜா ஒவ்வொரு பாட்டாக டேனிஷில் சொன்னாள். நியோ அம்மா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"நல்ல மனிதர்" என்றார் மெதுவாக. "ஆனால் எனக்கு இவரைத் தெரியாது."

நவரத்தினத்தார் மகளைப் பார்த்தார்.

"அவருடைய கூட்டாளிகள் எதிர்பார்த்தது இந்த ஆளைத்தான். கையெழுத்து வைக்காத ஆள். சிறையிலேயே செத்திருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும். வீட்டுக்கு வந்தவர் என் அப்பா. அவர் வந்த பிறகுதான் நான் பிறந்தேன்." கண்ணைத் திறந்து நவரத்தினத்தாரைப் பார்த்தார். "நீங்களும் அவருடைய சவத்துக்கு வரவில்லை."

கோபமாய்ச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். நவரத்தினத்தாருக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. திரும்பி வரும்போது கார் ஓட்டவும் முடியவில்லை. சாருஜாதான் ஓட்டினாள்.

"நான் நல்லதுக்குத்தானே பிள்ளை எழுதினனான்?"

"தெரியும் அப்பா. ஆனா கையெழுத்துக்குப் பிறகு நடந்ததை மாமி சொல்லேக்குள்ள நீங்கள் வடிவாக் கேக்கேல்லை. பேனையை மூடிப்போட்டீங்கள்."

அந்தக் கிழமை முழுக்க மனுஷன் சரியாய்ச் சாப்பிடவில்லை. 'கையெழுத்து' என்ற சொல்லை எந்த விருத்தத்தில் வைத்தாலும் அது கூனிக்குறுகி நின்றது. மன்னிப்புக் கேட்கும் தொனி வந்தது. இத்தனை பேரை வானத்துக்கு ஏற்றிய தமிழ், ஒரு நோயாளித் தகப்பனை வீட்டுக்குக் கூட்டிவர முடியாமல் திணறியது. கடைசியில் பாட்டை விட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக வெறும் வசனத்தில் எழுதினார்.

எழுதி முடித்ததும் இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. வெறுங்கட்டிலுக்கு முன்னால் வாசித்தால் அது கல்வெட்டா? கல்வெட்டுக்குச் சனம் வேண்டும். நாற்பத்தொன்பதாம் வருஷப் பஞ்சாங்கத்தைத் தேடித் திதி பார்த்தார். இந்த வருஷம் அது வருகிற வியாழக்கிழமையில் விழுந்தது. வேலைநாள். டென்மார்க்கில் வேலைநாளில் எவன் வருவான்? அதுவும் ஊரும் பேரும் தெரியாத ஒரு சீனருக்கு? ஒருவரும் வராவிட்டால் நியோ அம்மா தகப்பனை இரண்டாம் முறையும் தனியாகத்தான் அனுப்பவேண்டும். இனிமேல் இன்னொரு நாள் பார்க்கவும் அவருக்கு நாளில்லை. நவரத்தினத்தார் தொலைபேசியை எடுத்தார்.

தொழிற்சாலைக் கூட்டாளி குருசுமுத்துவுக்கும் அடித்தார். மன்னார்க்காரன், வேதக்காரன். ஆனால் இந்துவோ வேதமோ, செத்த வீடென்றால் அவன் தவறமாட்டான்.

"எங்கட சம்பந்தியின்ர தேப்பனுக்குக் கல்வெட்டு வாசிக்கிறம். வா."

"ஐயோ! எப்ப அண்ணை மோசம் போனவர்?"

"நாற்பத்தொன்பதில."

"இப்பவோ அண்ணை சொல்லுறது?" என்றான் குருசுமுத்து. "சரி, வேலை முடிய வாறன்."

வியாழன் பின்னேரம் இல்லத்தின் பொது அறையில் கதிரைகள் போட்டார்கள். அங்கே எண்ணெய்ச் சட்டி வைக்க அனுமதியில்லை, அதனால் வடை வீட்டிலிருந்து ஆறிப்போய் வந்தது. எரிக் பெருப்பித்துக் கொண்டுவந்த பாட்டனார் படத்துக்கு முன்னால் சாருஜா விளக்கேற்றினாள். நியோ அம்மா சக்கர நாற்காலியில் படத்துக்குப் பக்கத்தில் இருந்தார். நவரத்தினத்தார் வெற்றுக் கதிரைகளை எண்ணுவதும் வாசலைப் பார்ப்பதுமாய் நின்றார்.

முதலில் ஒடென்சேக் குடும்பம் ஒன்று வந்தது. பிறகு பிராண்டேயிலிருந்து இரண்டு கார். பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நவரத்தினத்தாரின் கையால் தகப்பனுக்கோ தாய்க்கோ கல்வெட்டு வாங்கியவர்கள். நம்முடைய சனத்தை என்னவும் சொல்லுங்கள், கலியாண வீட்டுக்கு வராவிட்டாலும் செத்த வீட்டுக்கு வரும். கதிரை போதாமல் இல்லத்துத் தாதி ஒருத்தி உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

நவரத்தினத்தார் எழுந்து வாசித்தார். "லியம் பூன் கியாட் கையெழுத்து வைத்தார். மூத்த பிள்ளைகள் நாலும் பட்டினி கிடக்காமல் இருக்கவும், இன்னொன்று பிறக்கவும் வைத்தார். அதற்கு முன்னம் அவர் எழுதியதற்கு வெள்ளைக்காரன் பயந்தான். அதற்குப் பிறகு எழுதியதற்கு மீன்காரிகள் காத்திருந்தார்கள். இரண்டையும் அவர் மலாயில் எழுதினார்." சாருஜா டேனிஷில் சொல்லச் சொல்ல, நியோ அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். ஆனால் அழவில்லை. முகம் காய்ந்துபோய் இருந்தது. இதுவும் பிழைத்துப்போயிற்றோ என்று நவரத்தினத்தாருக்குப் பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் குருசுமுத்து வேலை உடுப்போடு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான். படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டான். நேரே நியோ அம்மாவிடம் போய், ஒரு கதிரையை இழுத்துப் போட்டு முட்டுக்கு முட்டு இருந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தன் உடைந்த டேனிஷில், நேற்றுச் செத்தவரைக் கேட்பதுபோல் கேட்டான்.

"அப்பாவுக்கு என்னம்மா நடந்தது?"

நியோ அம்மா அவனைத் திகைத்துப் பார்த்தார். எழுபத்தாறு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

"மேசையில் எழுதிக்கொண்டிருந்தார்" என்றார். "நான் தண்ணி கொண்டுபோனேன். எழும்பவில்லை."

"அண்டைக்கு ஏதும் சாப்பிட்டவரோ?"

"மீனும் சோறும். அம்மா வெளியே போயிருந்தார். நான்தான் பொரித்தேன். எனக்கு ஒன்பது வயது. கருக்கிவிட்டேன்."

"கருகினதையோ சாப்பிட்டவர்?"

"இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்" என்று சொல்லும்போதே நியோ அம்மாவுக்குக் குரல் உடைந்தது. அவர் தலையைக் குருசுமுத்துவின் தோளில் போட்டுக்கொண்டு, அன்று அழுதிருக்க வேண்டிய அழுகையை ஓவென்று அழுதார். குருசுமுத்து கையை விடவில்லை. அவனுக்குப் பின்னால், அடுத்ததாக வந்து கைபிடித்துக் கேட்பதற்கு ஆட்கள் எழுந்து நின்றார்கள்.