இடது கன்னம்

மூளை அலைகளைப் பதிவு செய்வதற்காக மகளின் தலையில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே டெக்னீஷியன் கேட்டாள், "வலிப்பு வந்து போனதும் எப்படி இருக்கும்?"

"ஒண்ணும் ஞாபகம் இருக்காதுக்கா. ஆனா இடது கன்னம் எரியும்."

பக்கத்தில் நின்ற அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கன்னத்தின் கதை அவளுக்குத்தான் தெரியும். பேச்சுக்கு நடுவில் மகள் விழித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். கூப்பிட்டால் பதில் வராது. வயசுத் திமிர் என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள்; பெற்றவள் தீர்ப்பு எழுத சாட்சியா வேண்டும்? "காது கேக்கல?" என்று ஓங்கி ஒன்று வைப்பாள். சற்று நேரத்தில் மகள் எதுவுமே நடக்காதது போலப் பேசுவாள். அதையும் நெஞ்சழுத்தம் என்றே அம்மா நினைத்தாள். பள்ளியில் கைகால் இழுத்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

இதைக் கேட்ட டாக்டர் கன்ன எரிச்சலை விடவில்லை. "முக்கியமான விஷயம். மூளையில எந்தப் பக்கம் ஆரம்பிக்குதுன்னு தேட உதவும்."

அம்மா வாயைத் திறந்தாள். "குடிக்கத் தண்ணி எங்க பிடிக்கணும் டாக்டர்?" என்றுதான் வந்தது.

வலிப்பு வந்தால் பதிவு செய்யலாம் என்று மருந்தைக் குறைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். சுவரில் கேமரா. அம்மாவின் வலது கையில் ஒரு பொத்தான். வந்ததும் அமுக்க வேண்டும். இங்கே வந்தால் கன்னம் எரியாது, குட்டு உடைந்துவிடும். வராமலே போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தும்விட்டாள். நானும் ஒரு தாயா என்று கூசிப்போனாள்.

மறுநாள் மதியம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மகளின் விரல்கள் நின்றன. கண்கள் நிலைகுத்தின. வீட்டில் பார்த்த அதே முகம். அம்மா பொத்தானை அமுக்கினாள். திரையில் கோடுகள் தாறுமாறாக எகிறின.

டாக்டர் வந்தபோது மகள் மிச்சப் பழத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

"நல்லா பதிவாயிருக்கு. கன்னம் எரியுதா?"

மகள் தடவிப் பார்த்தாள். "இல்ல டாக்டர். எரியவே இல்ல."

"வீட்ல?"

"எப்பவும் எரியும்."

"அப்ப இங்க மட்டும் ஏன் எரியல?"

மகளுக்குப் புரியவில்லை. உதவிக்கு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லும்மா. நீதானே எப்பவும் என் பக்கத்துல இருப்ப."